விடிகாலை அகமுகருக்கு உரியதா?

கூட்டத்தில் களைத்துப்போகிறவர், தனித்திருந்தால் தெளிகிறவர், வாய் திறப்பதற்கு முன் யோசிக்க அவகாசம் கேட்கிறவர்: இப்படிப்பட்டவருக்கு நாளின் எந்தப் பொழுது ஏற்றது? விடிகாலை என்று சொல்லிவிடுவது எளிது. வீடு தூங்குகிறது; தெருவில் பால்வண்டிச் சத்தம் தவிர வேறில்லை; செல்பேசியில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டால் அமைதியும் கிடைக்கும், வேலையும் ஓடும் என்பது சுயமுன்னேற்ற நூல்கள் இன்று அலுக்காமல் சொல்லும் யோசனை.

யோசனை புதிதல்ல. ஆயுர்வேதம், மடாலய விதிகள், நீதிநூல்கள், ஆய்வுக்கூட உளவியல், மரபணுவியல் என்று பல துறைகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சீக்கிரம் எழுவது நல்லதா? தனிமை நல்லதா? இவ்விரண்டும் மற்றவர்களைவிட அகமுகருக்குக் கூடுதலாகப் பொருந்துமா? பதில் சொன்னவர்களில் பலர் முதல் கேள்விக்கான சான்றைக் காட்டி மூன்றாவதற்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

யார் அகமுகர்?

நம் பேச்சுவழக்கில் இந்தச் சுபாவத்துக்கு நல்ல பெயர் இல்லை. அமுக்கம், சங்கோஜி, உம்மணாமூஞ்சி, வாயில்லாப் பூச்சி என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் ஒரு குற்றச்சாட்டோ இரக்கமோ ஒட்டியிருக்கிறது. கூச்சம், மௌனம், கர்வம் மூன்றும் ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன. 'இன்ட்ரோவெர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை இளைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதில் வசை இல்லை.

அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். 1921இல் வெளியான 'உளவியல் வகைகள்' நூலில், மனத்தின் ஆற்றல் வெளிப்பொருளை நோக்கிப் பாய்கிறதா, உள்ளே திரும்புகிறதா என்பதை வைத்து மனிதர்களைப் பிரித்தார். இரண்டு போக்குகளும் எல்லோரிடமும் உண்டு, எது ஓங்கி நிற்கிறது என்பதுதான் வேறுபாடு என்பது அவர் நிலை. யுங்கின் பிரிவு சிகிச்சை அனுபவத்திலிருந்தும் நூலறிவிலிருந்தும் பிறந்தது, அளந்து பார்த்ததல்ல. இன்றைய ஆளுமை உளவியல் அகமுகத்தை ஒரு நீண்ட கோட்டின் ஒரு முனையாகவே கருதுகிறது. பெரும்பாலோர் அந்தக் கோட்டின் நடுப்பகுதியில் இருக்கிறார்கள். கூச்சம் வேறு: பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அது. அச்சமே இல்லாமல் தனிமையை விரும்புகிறவரும் உண்டு, தனிமையை வெறுத்துக்கொண்டே கூச்சத்தால் ஒதுங்குகிறவரும் உண்டு. 2012இல் வந்த சூசன் கெய்னின் 'க்வயட்' அகமுகருக்கு மரியாதை தேடித் தந்த நூல். ஆனால் அது நுண்ணுணர்வு, நிதானம், சிந்தனை ஆழம் எல்லாவற்றையும் அகமுகத்தின் கணக்கிலேயே வரவு வைத்ததால் பழைய மூட்டை வேறு துணியில் மறுபடி கட்டப்பட்டது.

வைகறை: பழைய பதில்

வாக்படரின் ஆயுர்வேத நூலான 'அஷ்டாங்க ஹிருதயம்' அன்றாட ஒழுக்கம் பற்றிய அத்தியாயத்தைப் பிரம்ம முகூர்த்தத்தில் எழுவதிலிருந்து தொடங்குகிறது. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னதாகத் தொடங்கி 48 நிமிடம் நீளும் பொழுது அது. அந்த விதி ஆரோக்கியமாக இருப்பவருக்கு என்ற நிபந்தனையோடு வருகிறது. இன்று அதை எடுத்துச் சொல்கிறவர்கள் இந்த நிபந்தனையை வசதியாக விட்டுவிடுகிறார்கள். தமிழில் ஆத்திசூடி வைகறையில் எழச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கியது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை இன்னும் ஒரு படி மேலே போகிறது: வைகறையில் விழித்து, அன்று செய்ய வேண்டிய அறத்தையும் தேட வேண்டிய பொருளையும் முதலில் எண்ணிப் பார்த்து, பிறகு தாய் தந்தையரை வணங்கச் சொல்கிறது. எழுந்தவுடன் பேச்சல்ல, யோசனை. இன்றைய காலை நாட்குறிப்புப் பழக்கத்துக்கு இதைவிட நெருக்கமான பழந்தமிழ் முன்னோடி கிடைப்பது அரிது.

ஆனால் மரபு முழுவதும் வைகறையைத் தனிமையின் பொழுதாகக் கண்டது என்று சொல்லிவிட முடியாது. தொல்காப்பியம் வைகறையையும் விடியலையும் மருதத் திணைக்குக் கொடுக்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவனும் கதவடைக்கும் தலைவியும் சந்திக்கும் பொழுது அமைதியானது அல்லவே. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பத்து, தூங்கும் தோழியரை வீடு வீடாகப் போய் எழுப்புவதற்கே செலவாகின்றன. அந்தப் பத்துப் பேரில் அகமுகர் எத்தனை பேரோ என்று யோசித்தால் மார்கழி கொஞ்சம் வேறு விதமாகத் தெரியும். பஜனை கோஷ்டி, ஒலிபெருக்கி, வாசல் கோலம், தண்ணீர்க் குழாயடி என்று தமிழ்நாட்டின் விடிகாலை பெரும்பாலும் கூட்டுப் பொழுதாகவே இருந்து வந்திருக்கிறது.

மேற்கிலும் நிலைமை இதுதான். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடாலய விதி, இரவுச் செபத்துக்குப் பின் பேச்சைத் தடை செய்தது. குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணிக்கே துறவிகளை எழுப்பியது. ஆனால் அவர்கள் தூங்கியது பொதுக்கூடத்தில். எழும்போது தூக்கக் கலக்கத்துக்குச் சாக்குச் சொல்லாதபடி ஒருவரையொருவர் மென்மையாக உந்திக்கொள்ள வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பேச்சில்லாமல் சேர்ந்திருப்பது என்ற இந்த ஏற்பாடு, தனியறைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருந்ததைக் காட்டுகிறது. பின்னால் வந்த வாதங்களில் அது பெரும்பாலும் காணாமல் போய்விட்டது.

இந்தப் பழைய பதில்களின் பலவீனம் தெளிவானது. அவை எல்லோருக்கும் ஒரே விதியைச் சொல்கின்றன. விளக்குக்கு எண்ணெய் செலவாகும் உலகத்தில், பகல் வெளிச்சத்தை வீணாக்காமல் இருப்பது அறிவு. அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட சுபாவத்துக்கான மருந்தைப் பிழிந்தெடுக்க முடியாது.

நரம்பும் எலுமிச்சைச் சாறும்

சுபாவத்தையும் பொழுதையும் நேரடியாக இணைத்துப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டு உளவியல்தான். பெர்லினில் பிறந்து லண்டனில் குடியேறிய ஹான்ஸ் ஐசென்க் 1967இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மூளைத்தண்டிலிருந்து மேல்நோக்கிச் சென்று மூளையை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலையமைப்பு அகமுகரிடம் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆகவே அவர்கள் வெளித்தூண்டல் கொஞ்சம் கூடினாலும் தாங்கும் அளவைத் தாண்டிவிடுகிறார்கள். புறமுகரின் நிலை நேர்மாறு. அவர்களுக்கு ஓசையும் ஆளும் தேவைப்படுகின்றன. இதற்குத் துணையாக வந்த சோதனைகளில் மிகவும் பேசப்பட்டது எலுமிச்சைச் சோதனை. நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஊறும் உமிழ்நீரை நிறுத்துப் பார்த்தால், அகமுகருக்குக் கூடுதலாக ஊறியது.

அதே 1967இல் எம்.ஜே.எஃப். பிளேக் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். உடல் வெப்பம் நாள் முழுவதும் ஏறி இறங்கும். அந்த ஏற்றம் அகமுகரிடம் முன்கூட்டியே நிகழ்வதாகவும், காலையில் அவர்கள் புறமுகரைவிட முந்தியிருப்பதாகவும் அவர் கண்டார். 'காலை அகமுகருக்கு உரியது' என்ற கூற்றுக்குக் கிடைத்த முதல் உடலியல் சான்று என்று இதைச் சொல்லலாம்.

முதல் சான்று கடைசிச் சான்றாக நிற்கவில்லை. அமெரிக்காவில் வில்லியம் ரெவெல்லும் அவருடைய சகாக்களும் மாணவர்களுக்குக் காஃபின் கொடுத்து, காலையிலும் மாலையிலும் சொல்திறன் தேர்வு வைத்தார்கள். 1980இல் வெளியான முடிவு கோட்பாட்டைப் பாதி காப்பாற்றி மீதியைக் கவிழ்த்தது. காலையில் காஃபின் சிலருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது, வேறு சிலருக்குக் கூட்டியது. மாலையில் இது தலைகீழானது. ஆனால் இந்தப் பிரிவினை அகமுகம், புறமுகம் என்ற கோட்டில் விழவில்லை. யோசிக்காமல் பாயும் உந்துதல் குறைந்தவர், மிகுந்தவர் என்ற கோட்டில் விழுந்தது. உந்துதல் குறைந்தவர் காலையிலேயே போதுமான விழிப்போடு இருக்கிறார். ஒரு டவரா காபி அவரை எல்லைக்கு மேலே தள்ளிவிடுகிறது. கூட்டத்தை விரும்பாதது ஒன்று, நிதானமாக இருப்பது வேறொன்று என்பது இங்கே துல்லியமாகப் பிரிந்து தெரிந்தது.

காலை ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கிறவருக்கு ஆகப் பயனுள்ளதாக எனக்குப் படுவது, பொழுதைப் பற்றிப் பேசாத ஒரு சோதனை. ரஸ்ஸல் கீன் 1984இல், வேலை செய்யும்போது கேட்கும் இரைச்சலின் அளவைப் பங்கேற்பாளரே தேர்ந்தெடுக்க விட்டார். அகமுகர் குறைவாக வைத்துக்கொண்டார்கள், புறமுகர் கூட்டி வைத்துக்கொண்டார்கள், இதில் வியப்பில்லை. தாங்கள் தேர்ந்த அளவில் இரு சாராரும் ஒரே திறனோடு வேலை செய்தார்கள். புறமுகர் தேர்ந்த இரைச்சலில் அகமுகரை உட்கார வைத்தபோது அவர்கள் படபடத்தார்கள், திறன் சரிந்தது. ஆக, மூச்சே கேட்காத மௌனம் எவருக்கும் தேவைப்படவில்லை. ஒலியின் திருகு தன் கையில் இருப்பது தேவைப்பட்டது. விடியற்காலம் அகமுகருக்குப் பிடித்துப்போவது, திருகைத் தொட அப்போது வேறு யாரும் விழித்திருப்பதில்லை என்பதாலும் இருக்கலாம்.

ஐசென்கின் கோட்பாடு இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. மூளை மின்அலை ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஓய்வு நிலையில் பெரிய வேறுபாடு தெரியாமல், தூண்டலுக்கு எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்பதிலேயே வேறுபாடு சில வேளை தெரிகிறது.

கடிகாரம் வேறு, சுபாவம் வேறு

1976இல் ஜேம்ஸ் ஹார்னும் ஓலோவ் ஓஸ்ட்பெரியும் 19 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். காலை மனிதர், மாலை மனிதர் என்று பிரிக்கும் ஆய்வுகள் பெருகியது அதற்குப் பிறகுதான். இதில் சேர்ந்த முடிவுகளை 2010இல் கிரேக்க உளவியலாளர் சௌசிஸ் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, காலை இயல்போடு மிக அழுத்தமாக இணைந்திருந்த ஆளுமைக்கூறு கடமையுணர்வும் ஒழுங்கும்தான். அகமுகம் அந்த அளவுக்கு வரவில்லை.

உடல் கடிகாரத்துக்கு அதன் சொந்தக் காரணங்கள் இருக்கின்றன. பதின்பருவத்தில் தூக்கம் தள்ளிக்கொண்டே போய், இருபது வயதை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. கல்லூரி மாணவரைத் தூங்குமூஞ்சி என்று திட்டும் பெற்றோர் ஓரளவு உயிரியலையே திட்டுகிறார்கள். 2019இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் தரவை வைத்து நடந்த மரபணு ஆய்வு, காலை இயல்போடு தொடர்புடைய 351 மரபணு இடங்களைக் கண்டது. ஆனால் அந்த மாறுபாடுகள் மிக அதிகமாக இருந்த 5 சதவீதத்தினர், மிகக் குறைவாக இருந்த 5 சதவீதத்தினரைவிடச் சராசரியாக 25 நிமிடம்தான் முன்னதாகத் தூங்கினார்கள். பிறவி முக்கியம், அது மட்டும் போதாது.

வரலாற்றில் எதிர்ச்சாட்சிகளுக்குக் குறைவில்லை. ரெனே டெகார்ட் பள்ளி நாளிலிருந்தே காலையில் படுக்கையை விட்டு எழாமல் சிந்திக்கும் பழக்கமுள்ளவர். ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து, விடியற்காலை ஐந்து மணிக்குத் தத்துவப் பாடம் கேட்டார். 1650 பிப்ரவரியில் டெகார்ட் இறந்தார். நுரையீரல் அழற்சியே காரணம் என்பது பொதுவான கருத்து. பழியை அலாரத்தின்மேல் போட முடியாது என்றாலும், அந்த ஏற்பாடு அவருக்கு உதவவில்லை என்பது நிச்சயம். பிராகாவின் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பகலில் வேலை பார்த்த காஃப்கா, ஓசை நிறைந்த வீட்டில் எல்லோரும் அடங்கிய பிறகே எழுதினார். 'தீர்ப்பு' கதை 1912 செப்டம்பரில் ஓர் இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடிந்தது. அவருக்கு வேண்டியிருந்த அமைதி இரவின் மறுமுனையில் கிடைத்தது.

இன்னொரு சிறு திருப்பம்: 2011இல் மரைக் வீத்தும் ரோஸ் சாக்ஸும் செய்த ஆய்வில், பளிச்சென்று தோன்றி விடை தரும் புதிர்களை மாணவர்கள் தங்களுக்கு உகந்த பொழுதைவிட உகந்ததல்லாத பொழுதில் நன்றாகத் தீர்த்தார்கள். கவனம் தளர்ந்திருக்கும் வேளையில் எண்ணம் ஊர்சுற்றுவதும் ஒருவகை லாபம் போலும். எந்த வேலைக்கு என்று கேட்காமல் 'உற்பத்தி மிகுந்த காலை' என்று பேசுவதில் அர்த்தமில்லை.

தனிமை ஓய்வளிக்கிறதா?

தனியாக 15 நிமிடம் உட்காருவது என்ன செய்கிறது என்பதை துய்-வி நுயென், ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி மூவரும் 2018இல் வெளியிட்டார்கள். கொதிப்பான உணர்ச்சிகள் தணிந்தன. கோபமும் பதற்றமும் மட்டுமல்ல, உற்சாகமும் தணிந்தது. விரும்பித் தேர்ந்த தனிமையாக இருந்தால் ஆசுவாசம் கிடைத்தது. இது எல்லோருக்கும் இனிப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது: 2014இல் 'சயன்ஸ்' இதழில் டிமோதி வில்சன் குழு வெளியிட்ட சோதனையில், வெறும் அறையில் எண்ணங்களோடு கால்மணி நேரம் இருக்கச் சொன்னபோது 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தித் தங்களுக்கே மின்அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள்.

அகமுகர் இதில் விதிவிலக்கா? 2022இல் நுயென் குழுவின் இன்னோர் ஆய்வு இதைக் கேட்டது. தனிமையை மனமாரப் பயன்படுத்திக்கொள்ளும் தன்மையோடு இணைந்திருந்தது அகமுகம் அல்ல. தன் செயல்களைத் தானே தேர்ந்து நடக்கும் தன்னாட்சி மனப்பான்மை. இது அகமுக இலக்கியத்தின் அடிப்படை நம்பிக்கையையே உரசுகிறது.

கூட்டம் களைப்பூட்டுகிறது என்பதும் இவ்வாறே சிக்கலாகிறது. பின்லாந்தில் சொயின்து லெய்காஸும் வில்லே இல்மரினெனும் 2017இல் கண்டபடி, கலகலப்பாக நடந்துகொள்வது அந்த நேரத்தில் புத்துணர்வு தருகிறது, மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பைத் தருகிறது. இந்தக் களைப்பு அகமுகருக்கு மட்டும் உரியதல்ல, புறமுகருக்கும் வந்தது. மறுபக்கம், 2019இல் ஒரு வாரம் கலகலப்பாக நடந்துகொள்ளும்படி ஆட்களைக் கேட்டுக்கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வில், மிகவும் அகமுகமானவர்கள் மட்டும் கூடுதல் சோர்வையும் தாங்கள் தாங்களாக இல்லை என்ற உறுத்தலையும் சொன்னார்கள். இரு முடிவுகளையும் இணைத்துப் படிப்பதானால், களைப்பு எல்லோருக்கும் பொது, நடிப்பின் விலைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று தற்காலிகமாகச் சொல்லலாம்.

ஐந்து மணிச் சந்தை

ஹால் எல்ராடின் 'மிரக்கிள் மார்னிங்' 2012இலும், ராபின் சர்மாவின் 'ஃபைவ் ஏஎம் கிளப்' 2018இலும் வந்தன. இவ்வகை நூல்களின் பொது முறை சாதனையாளர் பட்டியல். பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் சாயம் வெளுக்கும். ஐந்து மணிக்கு எழுந்து அன்று என்ன நன்மை செய்வேன் என்று தன்னையே கேட்டுக்கொண்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின், நண்பர்களைக் கூட்டி விவாதக் கழகம் நடத்திய ஊர்கூட்டி. ஒழுங்கு என்ற நற்பண்புதான் தனக்கு மிகவும் தொல்லை கொடுத்தது என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். வேலையாள் ஐந்து மணிக்கு எழுப்ப எழுந்த இம்மானுவேல் கான்ட், மதியம் விருந்தாளிகள் இல்லாமல் சாப்பிட விரும்பாதவர். சீக்கிரம் எழுந்தும் ஒன்றும் சாதிக்காதவர்களின் பட்டியலை எவரும் அச்சிடுவதில்லை. மீன் அங்காடிக்கும் பூக்கடைக்கும் மூன்று மணிக்கே போகிறவர்களும் இந்த நூல்களில் வருவதில்லை.

பழக்கம் 21 நாளில் படியும் என்ற வாய்ப்பாட்டுக்கும் ஆதாரம் இல்லை. லண்டனில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்த பிலிப்பா லாலியின் ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். வீச்சு 18 முதல் 254 வரை. 254 என்பது ஆய்வுக் காலத்தையே தாண்டியதால் கணித்துச் சொன்ன எண். ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்ற அதே ஆய்வின் முடிவு அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு ஆறுதல்.

யாருடைய காலை?

மேலே சொன்ன நிலைப்பாடுகள் எல்லாம் ஒரு தனி மனிதரையும் அவருக்கு ஓர் அறையையும் கற்பனை செய்துகொள்கின்றன. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். டிபன், டப்பா, தண்ணீர், பள்ளி வேன் என்று அந்த நிமிடங்களில் கணிசமானவை காலையிலேயே குவிகின்றன. ஆண் எழுத்தாளரின் அமைதியான காலைக்குப் பின்னால் சத்தமில்லாமல் காபி கொண்டுவந்து வைத்த ஒரு கை பெரும்பாலும் இருந்திருக்கிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அந்தக் கையின் பக்கத்திலிருந்து வீட்டைப் பார்த்த கதை.

பெண்கள் விடிகாலையைத் தேடிய விதம் வேறு. சில்வியா பிளாத் 1962 இலையுதிர்காலத்தில், இரண்டு குழந்தைகளும் விழிப்பதற்கு முன், நாலு மணியளவில் எழுதினார். டோனி மாரிசனின் விடியலுக்கு முந்தைய எழுத்துப் பழக்கமும் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது தொடங்கியதுதான். உடல் கடிகாரம் சொன்ன நேரம் என்பதைவிட, பிறர் கேட்காமல் மிஞ்சிய நேரம் என்பதே இங்கே பொருத்தம். சுபாவக் கோட்பாடும் கடிகாரக் கோட்பாடும் தொடாமல் விட்ட இடம் இது. நுயெனின் 2022 முடிவும் கீனின் இரைச்சல் திருகும் இந்த இடத்தில்தான் ஒன்று சேர்கின்றன.

எஞ்சி நிற்பவை

இன்றைய சான்றுகளை வைத்து எச்சரிக்கையோடு சில சொல்லலாம். தூக்கத்தைக் குறைத்து வாங்கிய விடிகாலைக்கு ஆதரவு இல்லை. இயல்பாகவே முன்னதாக விழிக்கும் அகமுகர் முதல் மணி நேரத்தைச் செய்தியும் செல்பேசியும் இல்லாமல் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. காபி அவரைப் படபடக்க வைத்தால் அதைத் தள்ளிப்போடுவதிலும் நியாயம் இருக்கலாம். காலைக் கூட்டத்தில் கலகலப்பாகப் பேசிவிட்டு மதியம் துவள்கிறவர் தன் சுபாவத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை, அது பொதுக் களைப்பாக இருக்கக்கூடும். மாலை மனிதரான அகமுகருக்கு இரவு பத்து மணிக்கு மேல் அதே பலன் கிடைக்குமா என்பதற்கு நேரடியான ஒப்பீடு தேவை. அமைதியான காலை அன்றைய பேச்சுக் களைப்பைக் குறைக்கிறதா, ஒத்திப்போடுகிறதா என்பதும் தீராமலே இருக்கிறது. இங்கே பார்த்த சோதனைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்தவை. ஒரே அறையில் நாலு பேர் படுத்தெழும் வீட்டில் கீனின் திருகுக்கு என்ன பொருள் என்பதை அவற்றிலிருந்து ஊகிக்க முடியாது.

இதைத் தீர்க்க விரும்பும் ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் ஓரளவு தெரிகிறது. ஒரே ஆட்கள், குறையாத தூக்கம், ஒரு மாதம் காலையில் தனிமை, மறுமாதம் இரவில். பாதிப் பேருக்கு நேரத்தை ஆய்வாளர் குறிக்க வேண்டும், மீதிப் பேர் தாங்களே குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அறைக்குள் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தது யார் என்பதையும் அதே தாளில் எழுதி வைக்க வேண்டும்.